கண்டக்டர் ஒட்டிய கால்

எண்பதுகளில் செஞ்சியில் ஒரு பள்ளிக்கூடத்து ஷெட்டில் பெரியவர்களுக்கு மண்பொம்மை வகுப்பு நடந்தது. ஒன்பது பேர் சேர்ந்தோம். எட்டுப் பேர் ஆசைக்கு வந்தவர்கள். நான் வேண்டுதலுக்கு வந்தவன்.

எங்கள் மகளுக்கு இரண்டு முறை கரு தங்கவில்லை. மூன்றாவதாவது தங்க வேண்டுமென்று, மண்ணில் ஒரு குழந்தை செய்து வரும் அமாவாசையன்று மேல்மலையனூர் அம்மனுக்கு வைப்பதாக என் மனைவி வேண்டிக்கொண்டாள். கடையில் வாங்கியது கூடாதாம். பெண்ணைப் பெற்றவன் கையால் செய்ததாக இருக்க வேண்டுமாம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஊறிய மண் குட்டை நாற்றம் அடித்தது. என் உருண்டையில் பாதி மண்புழு இருந்தது. மீதிப் பாதியை யார் பிசைந்தார்களோ. பத்து நகக்கண்ணிலும் சேறு ஏறியது.

அதைவிட மோசம் பக்கத்து இருக்கை. அவலூர்பேட்டை பஸ்ஸின் கண்டக்டர். கட்டைவிரலை நக்குவார், பொம்மையைத் தடவுவார். நக்குவார், தடவுவார். பதினேழு வரை எண்ணிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இன்னா சார், மூஞ்ச சுளிக்கிறீங்க?"

"எச்சிலைத் தடவுறீங்களே."

"டிக்கெட் கிழிச்ச கை சார். தானா வாய்க்குப் போயிடுது."

"கிண்ணத்துல தண்ணி இருக்குதே?"

"அதுல ஒம்போது பேர் கை முங்கி எந்திரிச்சிருக்குது. என் எச்சி அதவிட சுத்தம்."

நான் எழுந்துபோய்க் குழாயடியில் கை கழுவினேன். மூன்று முறை சோப்புப் போட்டேன். திரும்பி வந்தால் என் குழந்தையின் இடது கால் ஈரமாகப் பளபளத்தது.

"கால் வுட்டுக்கினு இருந்துச்சு சார். ஒட்டிட்டேன்" என்று விரலை பேண்டில் துடைத்தார்.

வேறு செய்கிறேன் என்று டீச்சரிடம் சொன்னேன்.

"புதுசா செஞ்சா காயாது சார். ஈரத்தோட சூளைல வெச்சா வெடிச்சிடும். அடுத்த சூளை அமாவாசைக்கு அப்புறந்தான்."

அப்படியே வெந்து வந்தது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். பொங்கலுக்கு உப்புப் பார்க்காமல் படைக்கிறவள் என் மனைவி. எச்சில் பட்டதைத் தூக்கி எறிவாள் என்றுதான் நினைத்தேன். பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எந்தக் காலு?"

"இடது."

"அது ஒன்னுதாங்க காலு மாதிரி இருக்குது."

"எச்சில்டி!"

"நெருப்புல வெந்ததுக்கு அப்புறம் எச்சிலு ஏது? பொண்ணு வயித்தப் பாப்பீங்களா, எச்சிலப் பாப்பீங்களா? கெளம்புங்க."

அமாவாசை ஸ்பெஷல் பஸ்ஸில் அதே கண்டக்டர். விரலை நக்கி இரண்டு டிக்கெட் கிழித்தார். மனைவியின் மடியில் இருந்த துணி மூட்டையைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"நம்ம புள்ளயா சார்?"

ஈர டிக்கெட்டுகளை ஓரத்தில் பிடித்துக்கொண்டு கோயில்வரை உட்கார்ந்திருந்தேன். பொம்மையை மனைவிதான் வைத்தாள்.

அந்தக் கரு தங்கியது. பேரன் பிறந்தான். விரல்கள் இருபதும் சரியாக இருந்தன. வளர்ந்து இப்போது எங்களோடுதான் இருக்கிறான். காலையில் பேப்பர் படிக்கும்போது ஒவ்வொரு பக்கத்துக்கும் கட்டைவிரலை நக்கித்தான் திருப்புகிறான். என் மனைவி அதைப் பார்த்துச் சிரிக்கிறாள். நான் எனக்கென்று தனியாக இன்னொரு பேப்பர் போடச் சொல்லியிருக்கிறேன்.