துளசிக்கு எத்தனை வாட்?

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. படிப்பு நாலாம் கிளாஸோடு சரி. மறதி வேறு. போன வாரம் மீன் குழம்பைப் பற்றி நீளமாக எழுதிவிட்டுப் புளியை விட்டுவிட்டேன். "லில்லி அம்மா, புளி எங்கே?" என்று எத்தனை பேர் கேட்டுவிட்டீர்கள்! புளி உண்டு. நெல்லிக்காய் அளவு... இல்லையில்லை, எலுமிச்சம்பழ அளவு.

இந்த வாரமும் ஏதாவது விட்டுப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் கை ஒரு இடத்தில் நிற்கவில்லை. துளசி துளிர்த்துவிட்டது!

துளசி துளிர்ப்பதெல்லாம் ஒரு சேதியா என்று கேட்பீர்கள். வெயிலில் நிற்கும் துளசி என்றால் சேதியில்லைதான். இது வெயிலைக் கண்ணால் பார்க்காத துளசி. என் அறையில், டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்துகொண்டு, கரண்டில் வளர்ந்த துளசி. அதுவும் என்னுடையது இல்லை. சரோஜாக்காவுடையது.

பெங்களூர் மர்பி டவுனில் எங்களுக்கு அடுத்த வீடு அக்கா வீடு. நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் முருகர் படம், இந்தப் பக்கம் மாதா படம். "ரெண்டுக்கும் ஒரே ஆணிதான் போல" என்று என் மருமகள் ஷைலா கேலி செய்வாள்.

அக்காவுக்கு நெஞ்சில் அடைப்பு. பைபாஸ் செய்யணும் என்று சொல்லிவிட்டார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் மகள் வந்து கூட்டிக்கொண்டு போனாள். ஆட்டோவில் ஏறின அக்கா திரும்ப இறங்கி, துளசித் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து என் கையில் வைத்தாள்.

"லில்லி, இத நீ பாத்துக்கோ. தெனம் தண்ணி ஊத்து. சாயங்காலம் வெளக்கு போட மறந்துடாத. இது நல்லா இருந்தா நானும் நல்லபடியா வந்துடுவேன்."

"ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதக்கா. நான் எங்க, செடி எங்க..."

"பேர மட்டும் லில்லின்னு வெச்சிருக்கே. ஒரு செடிய பாத்துக்க மாட்டியாடி?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் என் கையில் வைத்த பிறகும் தொட்டியை விடவில்லை. அக்காவின் பயம் முழுவதும் அந்தத் தொட்டியோடு என்னிடம் வந்துவிட்டது.

வந்த நேரம் பாருங்கள்! அக்கா போன பிறகு எங்கள் வீட்டுக்கு எதிரே கட்டடம் மளமளவென்று எழும்பியது. நாலு மாடி. அதைச் சுற்றிப் பச்சை வலை. எங்கள் வாசலுக்கு வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்ச வெயிலும் போச்சு. வெளியே வைத்தால் சிமெண்ட் தூள், உள்ளே வைத்தால் இருட்டு. மொட்டை மாடி ஓனருடையது, எப்போதும் பூட்டு. வெயில் இருக்கிற வீட்டில் யாருக்காவது கொடேன் என்றார்கள். எப்படிக் கொடுப்பது? என் கையில் அல்லவா கொடுத்துவிட்டுப் போனாள்?

இலை பழுத்தது. பிறகு ஒவ்வொன்றாக உதிர்ந்தது. தினமும் கூட்டி எடுத்து எண்ணிப் பார்ப்பேன்.

அங்கே அக்காவுக்குச் சர்க்கரை இறங்கவில்லை என்று ஆபரேஷனைத் தள்ளிக்கொண்டே போனார்கள். சாயங்காலமானால் போன் வந்துவிடும்.

"துளசி எப்படி இருக்குடி?"

"இருக்குக்கா."

இருக்கு என்றது பொய்யில்லை. இருந்தது. அவ்வளவுதான்.

நான் போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைப்பதை ஷைலா பார்த்துவிட்டாள். "அத்தே, இதுக்குப் போய் அழுவாங்களா? செடிக்குன்னே எல்இடி லைட்டு வருது. குரோ லைட்டுன்னு பேரு. எங்க ஆபீஸ் ரிசப்ஷன்ல அதுலதான் செடி வளருது."

"பல்பு வெளிச்சத்துலயா?"

"ஆமா. எத்தனை வாட்டுன்னு பாத்து வாங்கணும், அவ்ளோதான்."

அவ்ளோதானாம்! அந்த 'அவ்ளோதான்' என்னை என்ன பாடு படுத்தியது என்று கேளுங்கள்.

மறுநாளே அல்சூர் பஜாருக்குப் போனேன். லைட்டுக் கடையில் ஒரே கூட்டம். நாலு பேர் நின்றால் எனக்கு வாய் திறக்காது. சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். சர்ச் பூசையில்கூடக் கடைசி பெஞ்சு. முந்தானையைச் சுருட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன்.

"எஷ்டு வாட் பேக்கம்மா?" என்று கன்னடத்தில் கேட்டார் கடைக்காரர்.

எத்தனை வேண்டும் என்று தெரிந்தால் நான் ஏன் அங்கே திருதிருவென்று முழிக்கிறேன்? எல்லாரும் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. வாயில் வந்ததைச் சொன்னேன். "ஜாஸ்தி!"

"ஜாஸ்தியா? தொகொள்ளி அம்மா... சாவிர வாட்!"

ஆயிரம் வாட்! எனக்கு ஒரே சந்தோஷம். வாடிப்போன செடிக்குக் கொட்டிக் கொடுத்தால்தானே தேறும்? வீட்டுக்கு வந்ததும் பலகை மாதிரி இருந்த அந்த லைட்டைக் கயிற்றில் கட்டி, துளசிக்கு ஒரு சாண் மேலே தொங்கவிட்டேன். சுவிட்சைப் போட்டால்... அம்மாடி! அறை முழுக்க ரோஸ் கலர். மாதாவின் நீல அங்கிகூட ஊதாவாகிவிட்டது.

என்ன ஆகியிருக்கும்? மேலே இருந்த இலையெல்லாம் வெளுத்து, ஓரம் சுருண்டு, பொரித்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டது. இருந்ததும் போச்சு! லைட்டை அணைத்துவிட்டு ஷைலாவைக் கூப்பிட்டேன்.

ஷைலா அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மேல பெருசா போட்டிருக்கற ஆயிரம் சும்மா பந்தா அத்தே. பழைய காலத்து பல்பு அவ்ளோ வாட் எரிஞ்சா எவ்ளோ வெளிச்சமோ, அதுக்குச் சமம்னு இவங்களே சொல்லிக்கறாங்க. நெஜமா இழுக்கற கரண்டு கீழ பொடி எழுத்துல இருக்கு பாருங்க. நூறு வாட்."

"அப்ப ஏன் ஆயிரம்னு போடறான்?"

"எங்க ஆபீஸ்ல சம்பளம் சொல்ற மாதிரிதான். சிடிசின்னு பேப்பர்ல காட்டறது வேற, கைக்கு வர்றது வேற."

அப்படிச் சொன்னதும் பளிச்சென்று புரிந்துவிட்டது! பெண் கேட்டு வரும்போது சொல்லும் சம்பளத்தை நம்புகிறோமா? கைக்கு என்ன வருகிறது என்றுதானே கேட்கிறோம்? லைட்டுக்கும் அதையே கேட்கணும்.

சரி, நிஜ நூறே எதற்கு? அது ஒரு பெரிய மேஜை நிறையச் செடி வைத்திருப்பவர்களுக்கு. ஒரு தொட்டிக்கு, ஒரு சாண் தூரத்தில், நூறு வாட் என்றால்? குழந்தைக்குப் பால் காய்ச்சக் கல்யாண அடுப்பு மூட்டின கதைதான்.

ஷைலா போனில் தேடித் தேடிச் சொன்னாள்; நான் மனசில் ஏற்றிக்கொண்டேன். மணி பிளாண்ட் மாதிரி நிழலில் கிடக்கிற சாதுக்களுக்குப் பத்து வாட் போதும். புதினா, கொத்தமல்லிக்குப் பதினைந்து, இருபது. துளசி, மிளகாய் எல்லாம் வெயில் தின்னிகள். ஒரு தொட்டிக்கு இருபத்தைந்து, முப்பது வேண்டும். எல்லாம் நிஜ வாட். உயரம், ஒரு சாணுக்கு மேலே, ஒரு முழத்துக்குக் கீழே. இலை வெளுத்தால் தூக்கு. தண்டு நெட்டையாக நீண்டு, இலைக்கு இலை இடைவெளி விட்டால் இறக்கு.

அந்தப் பலகையைத் தூக்கிக்கொண்டு திரும்பவும் கடைக்குப் போனேன். அதே கூட்டம். இந்தத் தடவை ஓரமாக நிற்கவில்லை. ஓரமாக நின்று என் கூச்சத்தைக் காப்பாற்றினால் அக்கா துளசியை யார் காப்பாற்றுவது? கடைக்காரர் இன்னொரு பெட்டியை எடுத்து, "இது இன்னூறு வாட்டம்மா" என்று ஆரம்பித்தார். இருநூறாம்!

"நிஜவாகலூ எஷ்டு?" என்றேன், நிஜத்தில் எத்தனை என்று.

என் குரல்தானா அது? கடையே திரும்பிப் பார்த்தது. அவர் பெட்டியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு, "இப்பத்தைது" என்றார். இருபத்தைந்து! "கொடி" என்று கன்னடத்திலேயே கேட்டுக் கையை நீட்டினேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண், "ஆண்ட்டி, என் பொட்டியையும் கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்" என்றாள். பாருங்கள் என் பவுசை!

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாயிருக்கும். முடியவில்லை.

வாட் சரி. உயரம் சரி. தண்ணீர் சரி. துளசி மட்டும் தேறவில்லை. சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. தண்டு மட்டும் மெலிந்து நீண்டுகொண்டே போனது. மாடி வீட்டு ஓனரம்மா வேறு வாசலில் நின்று, "ஏன் லில்லி, தெனம் சாயங்காலமானா ஒங்க ஜன்னல்ல ரோஸ் லைட்டு... பாரு கீரு தொறந்துட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். வெட்கமாகப் போய்விட்டது. இருந்தாலும் லைட்டை அணைக்கவில்லை. அக்கா சொன்ன வார்த்தை அல்லவா?

ஒருநாள் ஷைலாவுக்கு லீவு. விளக்கு வைக்கிற நேரத்தில் முகம் கழுவி, முந்தானையால் துடைத்துக்கொண்டு, பயபக்தியோடு போய்ச் சுவிட்சைத் தட்டினேன். அவள் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள்.

"அத்தே... இப்பதான் போடறீங்களா? காலைலேர்ந்து?"

"காலைலயா? பட்டப்பகல்ல யாராவது வெளக்கு போடுவாங்களா? வீடு விளங்குமா?"

"அப்ப எப்ப அணைப்பீங்க?"

"படுக்கறப்போ. அக்காதான் சொல்லிச்சே, சாயங்காலம் வெளக்கு போடுன்னு. அதுக்கும் ஆச்சு, செடிக்கும் ஆச்சுன்னு..."

ஷைலா நெற்றியில் அடித்துக்கொண்டாள். அவள் வெளிச்சம் வருமுன் ஆபீஸ் வண்டியில் போய், இருட்டின பிறகு வருகிறவள். வரும்போதெல்லாம் லைட் எரியும். பகலெல்லாம் எரிந்தது என்று நினைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அணைந்திருந்ததைப் பார்த்துக் கரண்ட் இல்லை என்று நினைத்தாளாம். பெங்களூரில் அப்படி நினைப்பது தப்பா?

"அத்தே, இது வெளக்கு இல்ல. இது வெயில்! பகல் பூரா பட்டினி போட்டுட்டு, ராத்திரி ஒரு வாய் ஊட்டியிருக்கீங்க."

வெயில்! அந்த ஒரு வார்த்தை மட்டும் முதலிலேயே கிடைத்திருந்தால்! பெயரில் லைட் என்று இருந்ததால் விளக்கு என்றே நினைத்துவிட்டேன். விளக்கென்றால் சாயங்காலம்தானே?

அன்றிலிருந்து தலைகீழ். விடிந்ததும் போடுகிறேன். பொழுது சாய்ந்ததும் அணைக்கிறேன். செடியும் தூங்கவேண்டுமாம், அதனால் ராத்திரி முழுக்க எரியக்கூடாது. ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் நான் விளக்கை அணைக்கிறேன்! அணைத்த கையோடு, அக்கா சொன்னது எதுவோ அதைச் செய்கிறேன்... ஒரு சின்ன அகல், ஒரு திரி. மாதா ஒன்றும் கோபித்துக்கொள்ளவில்லை.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒரு கணுவில் பச்சைப் பொட்டு. கடுகளவு. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். மறுபடி இன்னொரு கணுவில். பிறகு துளசி நிற்கவே இல்லை!

இந்த வாரம் அக்காவின் சர்க்கரை ஒரு வழியாக இறங்கியது. ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோகும் முன்னால் மகளின் போனிலிருந்து வீடியோ கால். அக்கா முகம் சுண்டைக்காய் வற்றலாக வாடியிருந்தது.

"காட்டுடி" என்றாள்.

போனைத் துளசிப் பக்கம் திருப்பினேன். ரோஸ் வெளிச்சத்தில் துளிர் துளிராக, உச்சியில் ஒரு சின்னக் கதிர்கூட விட்டுக்கொண்டு நின்றது. அக்கா கண்ணை இடுக்கிக்கொண்டு போனுக்குக் கிட்டே வந்தாள்.

"அடிப்பாவி!" என்றாள் அக்கா. "என் துளசிக்கு டிஸ்கோ லைட்டா போட்டு வெச்சிருக்கே?"

சிரித்தாள் பாருங்கள்! நர்ஸம்மா வந்து, "பாட்டிம்மா, மெதுவா, மெதுவா" என்று சொல்கிற அளவுக்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடுதான் உள்ளே போனாள். நல்லபடியாக முடிந்தது. எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள் என்று மகள் சொன்னாள். கஞ்சியில் உப்பில்லை என்று சண்டையாம். அப்படியென்றால் பிழைத்துவிட்டாள்!

எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஆயிரம் வாட் பாசம் வைத்திருப்பவர்கள் நிறையப் பேர் உண்டு. வருஷத்துக்கு ஒருதரம் வந்து கண்கூசப் பளபளத்துவிட்டுப் போவார்கள். சர்க்கரை ஏறி, நெஞ்சு அடைத்துக் கிடக்கும்போதும் தினமும் போன் செய்தாளே சரோஜாக்கா... அது இருபத்தைந்து வாட்தான். ஆனால் நாள் முழுக்க எரிந்தது.

செடி விஷயத்தில் நான் கற்றது இதுதான்: வாட் கூடினால் வாட்டும், குறைந்தால் வாடும். மேலே சொன்ன கணக்கையெல்லாம் ஞாபகத்திலிருந்து எழுதியிருக்கிறேன். புளியை விட்ட மாதிரி எதையாவது விட்டிருப்பேன். விஷயம் தெரிந்தவர்கள் யாராவது வாட், உயரம், நேரம் மூன்றையும் சரிபார்த்துச் சொல்லுங்கள். தப்பிருந்தால் என்னிடம் மட்டும் சொல்லுங்கள். சரோஜாக்கா காதுக்குப் போகவேண்டாம், விழுந்து விழுந்து சிரிப்பாள்... தையல் இன்னும் காயவில்லை.