நான் பார்க்காத கல்

நான்கு வருஷங்களுக்கு முன்பு ஓர் ஆவணி மாதத்தில், ஆம்பூரில் நடந்தது இது. மகா யுத்தம் முடிந்து அப்போதே பதினாறு வருஷம் ஆகியிருந்தது. நான் அங்கே ஒரு தோல் ஷாப்பில் தரம் பிரிக்கிறவனாக இருந்தேன். பதனிட்டுக் காய்ந்து வருகிற தோல்களை விரித்து, ஓட்டை, கீறல், உண்ணி கடித்த தழும்பு எல்லாம் பார்த்து, முதல் தரம், இரண்டாம் தரம் என்று முத்திரை போடுவது என் வேலை. நான் முத்திரை போட்ட தோல் கட்டுகளை யாரும் மறுபடி பிரித்துப் பார்க்க மாட்டார்கள். மதராஸில் கப்பல் ஏறுகிற வரைக்கும் என் சொல்தான் சொல். அப்போது அதில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

உண்மையையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். சரக்கு குவிந்து கிடக்கிற நாட்களில், கட்டின் மேலே இருக்கிற நாலைந்து தோலைத்தான் விரித்துப் பார்ப்பேன். அடியில் இருப்பவற்றின் ஓரத்தைக் கையால் தடவிவிட்டு முத்திரையைப் போட்டுவிடுவேன். எல்லாம் ஒரே தொட்டியில் ஊறியவைதானே, என்ன பெரிய வித்தியாசம் இருந்துவிடப் போகிறது? பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஒருநாளும் மாட்டிக்கொண்டதில்லை. பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்வது எனக்கு அப்படித்தான் கைப்பழக்கமாகிப் போனது.

எனக்கு இரண்டு நண்பர்கள். ஒருவர் எங்கள் ஷாப்பு குமாஸ்தா, முஸ்லிம், எல்லோருக்கும் பாய். இன்னொருவர் பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர். மாஸ்டருக்குப் பழைய சண்டைகளில் பைத்தியம். ஆம்பூர் துருகத்து மலையடியில் நவாபு படை தோற்ற கதையையும், வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கலகம் செய்த கதையையும் சாயாக் கடையில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லி எங்களையும் பிடித்துக்கொண்டார். ஒரு நாள் மோட்டார் வைத்துக்கொண்டு அந்த இடங்களையெல்லாம் பார்த்துவிட வேண்டும் என்று முடிவாயிற்று.

போய்வந்ததைவிடத் திட்டம் போட்டதுதான் பெரிய கூத்து. ஒரு மாதம் சாயங்காலம் தோறும் அதே பேச்சு. எங்கள் ஷாப்புக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை, ஆகவே வெள்ளிக்கிழமைதான் போக முடியும். மாஸ்டர் அன்றைக்கு வயிற்றுவலி என்று லீவு போடுவதாக ஏற்பாடு. பாய்க்கு ஜும்மா தொழுகைக்குள் வேலூர் போய்ச் சேர்ந்தாக வேண்டும். "ஜும்மாவ விட்டுட்டு கோட்டைய சுத்தினேன்னு தெரிஞ்சா என்னை வூட்லயே சேர்க்க மாட்டாங்கப்பா" என்றார். அதனால் விடிகாலையில் துருகம், பத்து மணிக்கு வண்டி, நடுப்பகலில் வேலூர், தொழுகை முடிந்ததும் கோட்டை என்று சரக்குச் சீட்டின் பின்பக்கத்தில் வரிசையாக எழுதினேன். எழுதுகிறவன் நான், ஆகவே தலைவனும் நானே.

அந்தச் சேதி ஷாப்பு முழுக்கப் பரவிவிட்டது. ஒருநாள், தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கிற பெண்களில் ஒருத்தி என் அறை வாசலில் வந்து நின்றாள். நாற்பது வயது இருக்கும். கையெல்லாம் பட்டைத் தூள். நெற்றியில் எப்போதும் காலணா அகலத்துக்குக் குங்குமம். ஷாப்பில் அவளை பஸ்ராக்காரி என்று கேலி பேசுவார்கள். அவள் புருஷன் யுத்த காலத்தில் சுமைதூக்கும் ஆளாகப் பட்டாளத்தோடு கப்பலேறிப் போனவன். ஈராக் தேசத்து பஸ்ராவிலிருந்து ஒரே ஒரு கடுதாசி வந்தது, ஆஸ்பத்திரியில் இருப்பதாக. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. தாலுகா கச்சேரியில் மனுப் போட்டும் சரியான பதில் வரவில்லை. செத்துப்போனான் என்றார்கள் சிலர், அங்கேயே யாரையோ கட்டிக்கொண்டு இருந்துவிட்டான் என்றார்கள் சிலர்.

"சண்டை நடந்த எடமெல்லாம் பாக்கப் போறீங்களாமே, ஐயா?"

ஆமாம் என்றேன். தன் புருஷனுடைய ஊர் பள்ளிகொண்டாவுக்கு இந்தப் பக்கம், ரோட்டிலிருந்து உள்ளே இரண்டு மைல் என்றாள். யுத்தத்துக்குப் போனவர்களுக்காக அந்த ஊர்ச் சாவடியில் சர்க்கார் ஒரு கல் வைத்திருக்கிறதாம். அவன் வீட்டார் யுத்த முடிவில் வந்த விஷக்காய்ச்சலில் ஒருவர் பாக்கியில்லாமல் போய்விட்டார்கள். கேட்டுச் சொல்ல அங்கே ஆள் இல்லை, இவளுக்கு எழுத்தும் தெரியாது.

"செத்தவங்க பேரு அதுல வெட்டியிருக்குதுன்னு சொல்றாங்க. அவரு பேரு இருக்குதா இல்லையான்னு மட்டும் பாத்துட்டு வந்து சொல்லுங்க ஐயா."

பெயரைச் சொன்னாள், சீட்டில் எழுதிக்கொண்டேன். எல்லாவற்றுக்கும் கடைசியில் எழுதினேன். நானூறு வருஷத்துக் கோட்டை எங்கே, நேற்று நட்ட கல் எங்கே என்பது என் எண்ணம். திரும்பி வரும்போது எட்டிப் பார்த்தால் போகிறது. மாஸ்டர்கூட, அதுவும் யுத்தத்துச் சின்னம்தானே, முதலிலேயே பார்த்துவிடலாமே என்றார். நான்தான் கேட்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை திட்டமெல்லாம் துருகத்து மலையிலேயே கவிழ்ந்தது. ஏறி இறங்கவே பத்தரை ஆயிற்று. மாதனூருக்கு அப்பால் டயர் வெடித்து, டிரைவர் ஒட்டுப் போட்டு முடிப்பதற்குள் பாய் ரோட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்து தீர்த்துவிட்டார். ஜும்மாவுக்குக் கடைசி நிமிஷத்தில் கொண்டுபோய் விட்டோம். கோட்டையில் அகழித் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றோம். பிடிபட்ட சிப்பாய்களைச் சுட்ட இடம் என்று மாஸ்டர் ஒரு பக்கம் கைகாட்டினார். அங்கே ஒன்றுமே இல்லை, புல் முளைத்திருந்தது. கலகத்தில் செத்த வெள்ளைக்காரர்களுக்குக் கல்லறை இருக்கிறது, நம் ஆட்களுக்கு ஒரு கல்கூட இல்லை பாருங்கள் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. அங்கேயே நின்று ஒரு பிரசங்கம் செய்தேன். நினைத்தால் இப்போதும் வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

திரும்பும்போது நல்ல தூறல். அந்த ஊருக்குப் பிரிகிற பாதை வெறும் மாட்டுவண்டித் தடம், சேறு. ஒட்டுப் போட்ட டயரை வைத்துக்கொண்டு உள்ளே போனால் வண்டியைத் தோளில்தான் தூக்கி வர வேண்டும் என்றார் டிரைவர். நடந்தே போய்வரலாமா என்று பாய் கேட்டார். எனக்குக் கால் வலி, பசி. கல்தானே, விடுங்கள் பாய் என்றேன். வண்டி நேரே ஆம்பூருக்கு வந்தது.

மறுநாள் காலையில் நான் போவதற்கு முன்பே அந்த அம்மாள் என் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். அடுத்த வாரம் பார்க்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். ஒரு சின்ன வேலையைச் செய்யவில்லை என்று ஒப்புக்கொள்ள எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. அதோடு, பாவம், இத்தனை வருஷம் கழித்துப் புருஷன் பெயர் கல்லில் இருப்பதாகக் கேட்டால் சந்தோஷப்படுவாள் என்றும் நினைத்தேன். அவன் செத்துத்தான் இருப்பான், செத்திருந்தால் பெயர் இருக்கத்தான் இருக்கும். கட்டின் அடித்தோலைத் தடவுகிற அதே கணக்கு.

"இருக்குதும்மா. நல்லா பெரிய எழுத்துல வெட்டி வெச்சிருக்காங்க" என்றேன்.

"நீங்களே பாத்தீங்களா, ஐயா?"

"என் கண்ணால பாத்தேன்."

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. சரிங்க ஐயா என்று சொல்லிவிட்டுப் பட்டை இடிக்கப் போய்விட்டாள். அன்றைக்குப் பொழுது சாயும்வரை உலக்கைச் சத்தம் எப்போதும்போல் கேட்டுக்கொண்டிருந்தது. ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு நான் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகு மூன்று நாள் அவள் வேலைக்கு வரவில்லை. நாலாம் நாள் வந்தபோது நெற்றியில் குங்குமம் இல்லை, கையில் வளையல் இல்லை, கழுத்தில் தாலி இல்லை. அவளோடு பட்டை இடிக்கிற இன்னொரு பெண்ணைக் கூப்பிட்டு என்னவென்று விசாரித்தேன்.

"நீங்கதான ஐயா பேரு இருக்குதுன்னு சொன்னீங்க. இல்லைன்னு சொல்லுவீங்கன்னு நெனச்சுதான் கேட்டுச்சு அது. அந்தக் கல்லு வெச்ச நாள்லேர்ந்து பயந்துகினே இருந்துச்சு. இப்பதான் தைரியம் வந்து கேட்டுது" என்றாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தனியாக பஸ் ஏறிப் போனேன். சேற்றில் இரண்டு மைல் நடந்தேன். நடக்கிற தூரம்தான், முக்கால் மணிகூடப் பிடிக்கவில்லை. சாவடிச் சுவரில் அந்தக் கல் பதித்திருந்தது. இந்த ஊரிலிருந்து மகா யுத்தத்துக்குச் சென்றவர்கள் இத்தனை பேர், உயிர் துறந்தவர்கள் இத்தனை பேர். அவ்வளவுதான். பெயர் என்று ஒன்றுகூட இல்லை. போனவர்கள், இறந்தவர்கள் எல்லாரும் வெறும் எண்ணிக்கை. சுவரின் பின்பக்கமும் போய்ப் பார்த்தேன். சுற்றிச் சுற்றி வந்தேன். அவன் உயிரோடு இருக்கிறானா செத்தானா என்று அந்தக் கல்லுக்கும் தெரியாது.

சனிக்கிழமை காலையில் அவளைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் போகவே இல்லை, பொய் சொல்லிவிட்டேன், நேற்றுத்தான் பார்த்தேன், அதில் யார் பெயரும் கிடையாது என்றேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். கோபப்படுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் கண்ணில் தெரிந்தது என்மேல் இரக்கம்.

"என்னைப் பாத்து மனசு கேக்காம சொல்றீங்க ஐயா. நீங்க முத்திரை போட்டதை யாராச்சும் மறுபடி பிரிச்சுப் பாக்கறாங்களா? சொன்னது சொன்னதுதான்."

வா, வண்டி வைத்து நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று கெஞ்சினேன்.

"எனக்குத்தான் படிக்க வராதே. வந்து இன்னா பண்ணப் போறேன்? அங்கயும் நீங்கதான படிச்சு சொல்லணும்."

பாயை அனுப்பிச் சொல்லிப் பார்த்தேன். நான் சொல்லிக்கொடுத்து அனுப்பியதாக நினைத்துக்கொண்டாள். மாஸ்டர் கல்லைப் பார்த்து அப்படியே படமாக வரைந்து கொண்டுவந்தார். அதை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எழுத்து நல்லா இருக்குதுங்க என்று திருப்பிக் கொடுத்தாள்.

அவள் இப்போதும் அங்கேதான் பட்டை இடிக்கிறாள். பஸ்ராக்காரி என்று இப்போது யாரும் கேலி பேசுவதில்லை. நான் எந்தத் தோலையும் விரிக்காமல் முத்திரை போடுவதில்லை, அதனால் வேலை மந்தம் என்று முதலாளியிடம் திட்டு வாங்குகிறேன். எத்தனை தோலை விரித்துப் பார்த்து என்ன, சர்க்கார்கூட அந்தக் கல்லில் வெட்டாத ஒரு மனிதனின் பெயரை, அங்கே போகாமலே வெட்டியவன் நான்தான்.