ஒழுகாத மண்பானை தேவை

கடைக்குப் போய் ஒரு சாமான் வாங்கி வருவது சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரிந்த வேலை. அதையே ஒருவருக்கும் விளங்காத வித்தையாக்கிக் காட்டுவதுதான் கொள்முதல் குமாஸ்தாவின் வேலை. ஃபைலைக் கட்டிக்கொண்டு மாரடித்த என் சகாக்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதல்ல. படித்துவிட்டு ஒரு பெருமூச்சு விடுங்கள், போதும்.

அறுபதுகளின் தொடக்கம். நெய்வேலியில் ஒரு சர்க்கார் ஆபீஸ். பெயர் எதற்கு, விடுங்கள். நான் அங்கே கொள்முதல் குமாஸ்தா, இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை. பெர்மனென்ட் ஆனால்தான் குவார்ட்டர்ஸ். குவார்ட்டர்ஸ் கிடைத்தால்தான் சேத்தியாத்தோப்பில் தன் அப்பா வீட்டில் இருந்த என் மனைவி கமலாவும், பிறந்து மூன்று மாதமான மகளும் என்னோடு வந்து இருக்க முடியும். ஆனி மாதம் ஆர்டர் வந்துவிடும் என்றார்கள். அதுவரை என் பேரில் ஒரு கரும்புள்ளி விழக்கூடாது. சாமி கும்பிடும்போதுகூட எனக்கு அந்த ஒரு வேண்டுதல்தான்.

மூன்று பேரிடம் விலை

சித்திரை வெயில். நிலக்கரிக்காகத் தோண்டும் பள்ளத்தில் மண் வெட்டுகிறவர்களுக்குக் குடிதண்ணீர் தகர டிரம்மில் போகும். பத்து மணிக்கே அதில் காப்பி போடலாம், அவ்வளவு சூடு. ஃபோர்மேன் சுப்பையா நாற்பது மண்பானை கேட்டு எழுதிக் கொடுத்தார். திருநெல்வேலிக்காரர், படபடவென்று பேசுவார். மறுநாளே பானை வந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு என் மேஜைக்கு எதிரில் நின்றார்.

நான் விதியை ஒப்பித்தேன். மூன்று பேரிடம் விலை கேட்க வேண்டும். ஒட்டிய உறையில் வர வேண்டும். மூவரும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும், ஒருவரும் எனக்குச் சொந்தக்காரராக இருக்கக் கூடாது. அப்புறம் ஒப்புதல், அப்புறம் ஆர்டர், வந்ததும் சோதனை. எப்படியும் ஒரு மாதம் ஆகும் என்றேன். மனுஷர் வாயைப் பிளந்துகொண்டு என்னையே பார்த்தார்.

"செத்தவனுக்கு வாய்க்கரிசி போடவும் மூணு பேருகிட்ட வெல கேப்பீராவே?"

மூன்று விரல்

பக்கத்து ஊரான வடக்குத்தில் பானை வனைகிற அய்யாக்கண்ணுவை வரச் சொல்லி, விலைப்புள்ளித் தாள் மூன்றைக் கொடுத்தேன். "உங்களுக்கு ஒண்ணு, வேற ரெண்டு பேருக்கு ரெண்டு" என்று படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பினேன். மறுநாள் காலையிலேயே மூன்று உறையும் வந்துவிட்டன. அட, இவ்வளவு சுறுசுறுப்பா என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

பிரித்தால் தூக்கிவாரிப் போட்டது. மூன்றிலும் ஒரே கையெழுத்து, அவர் தெருவில் யாரோ எழுதிக் கொடுத்தது. விலை மட்டும் கொஞ்சம் கொஞ்சம் மாறியிருந்தது. கீழே ஒன்றில் பெரிய விரல் ரேகை, ஒன்றில் நடுத்தரம், ஒன்றில் பொடி ரேகை. இதை மேலதிகாரியிடம் கொண்டுபோயிருந்தால் அன்றைக்கே என்னை பஸ் ஏற்றியிருப்பார். என்னய்யா இது என்று கத்தினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"எங்க ஊர்ல பானை செய்யிறது நான் ஒருத்தன்தாங்க. மூணுலயும் ஒரே வெரல வெச்சா உங்களுக்குக் கெட்ட பேராச்சேன்னு வெரல மாத்தி மாத்தி வெச்சிக்கினு வந்தேன்."

சோதனை

சேத்தியாத்தோப்புச் சந்தையில் ஒரு பானை வியாபாரிக்கும் இன்னொரு ஊர்க்காரருக்கும் கடிதம் போட்டு, ஒழுங்காக வேறு இரண்டு விலை வாங்கினேன். கடைசியில் அய்யாக்கண்ணுவின் விலைதான் குறைவு. வைகாசி நடுவில் மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி நாற்பது பானையும் வந்து இறங்கின. சாமான்களைச் சோதித்து வாங்கும் அதிகாரி எல்லாவற்றிலும் தண்ணீர் நிரப்பி வைக்கச் சொன்னார். மறுநாள் காலையில் தொட்டுப் பார்த்தார். வெளிப்பக்கம் ஈரம். 'நாற்பதும் ஒழுகல், நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதிவிட்டார்.

ஐயோ, மண்பானை என்றால் கசியத்தானே செய்யும் என்று பாய்ந்தேன். அவர் என் ஆர்டரையே எடுத்து நீட்டினார். 'ஒழுகக் கூடாது, வெளிப்புறம் ஈரம் இருக்கக் கூடாது' என்று அதில் இருந்தது. டைப் அடித்த மகானுபாவன் யார்? நான்தான்! தகர டிரம் வாங்கிய பழைய ஃபைலைப் பார்த்து வரிக்கு வரி காப்பி அடித்திருந்தேன். பானைகளைத் திருப்பி எடுத்துப் போக வண்டியோடு வந்த அய்யாக்கண்ணு என்னைத்தான் கேட்டார்.

"வேர்க்காத பானையில தண்ணி எப்பிடிங்க குளிரும்?"

வண்டி திரும்பிய பக்கம்

அவர் கேட்டு முடிக்கவில்லை, வெளியே ஒரே சத்தம். கோவிந்தன் என்ற தொழிலாளி வெயிலில் மயங்கி விழுந்துவிட்டான் என்று நான்கு பேர் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். தலை தொங்கிக் கிடந்தது, உதடு வெடித்திருந்தது. நான் காப்பி அடித்த ஒரு வரிக்கு ஒரு உயிரா? ஆஸ்பத்திரியில் கண் விழித்துவிட்டான் என்று செய்தி வரும்வரை நான் நானாக இல்லை.

செய்தி வந்ததும் அய்யாக்கண்ணுவிடம், "வண்டிய பள்ளத்துப் பக்கம் திருப்புங்க" என்றேன். நிராகரித்த சாமானை உள்ளே விடுவது எவ்வளவு பெரிய குற்றம் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? தெரிந்தேதான் நானும் கூடச் சேர்ந்து பானைகளை இறக்கினேன். சுப்பையாவுக்கு முகமே வெளுத்துவிட்டது. பானைத் தண்ணீர் குளிர்ந்ததும் முதல் டம்ளரை அவர் குடிக்கவில்லை, என்னிடம் நீட்டினார்.

"உம்ம வேலைக்கு நீரே வேட்டு வெச்சிக்கிட்டீரேவே... சரி, மொதல்ல இதக் குடியும்."

ஞாயிற்றுக்கிழமை

மறுநாளே மெமோ வந்தது. நான் கொடுத்த விளக்கத்தை மேலதிகாரி இரண்டு முறை படித்தார். பானைகளை ஏற்றுக்கொண்டு ஆர்டரைத் திருத்தினார்கள். என்னை வேலையிலிருந்து எடுக்கவில்லை, ஆனால் பெர்மனென்ட் ஆறு மாதம் தள்ளிப் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை சேத்தியாத்தோப்புக்குப் போய்க் கமலாவிடம் எப்படியோ சொல்லி முடித்தேன். அவள் ஏற்கெனவே துணிமணிகளை ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கி வைத்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மயங்கி வுழுந்த அந்த ஆளு நல்லா இருக்காரா?" என்று கேட்டாள். வேலைக்கே வந்துவிட்டான் என்றேன். குழந்தையைத் தூக்கி என் மடியில் போட்டாள்.

"அப்ப ஆறு மாசம் என்னாங்க பெரிசு? தூக்கிக்கினு வரவேண்டிய பொண்ணு செவுத்தப் புடிச்சி நடந்துகினு வரப்போவுது நம்ம வூட்டுக்குள்ள."

ஆறு மாதம் கழித்துக் குவார்ட்டர்ஸ் கிடைத்ததும் நான் முதலில் வாங்கிய சாமான் ஒரு மண்பானை. ஒரே ஒருவரிடம்தான் விலை கேட்டேன், இரவெல்லாம் தண்ணீர் நிரப்பி வைத்துச் சோதித்தும் பார்த்தேன், பேஷாக ஒழுகியது.