முகம் கழுவிய பள்ளிக்கூடம்

சித்தியின் கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது எனக்குத் தட்டம்மை கண்டது. ரங்கூனின் இன்சீன் பகுதியில் எங்கள் தெருத் தமிழர்கள் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவார்கள். செருகிவிட்டால் அங்கே நல்ல காரியம் கூடாது, யாரும் படியேறவும் மாட்டார்கள். நகர நடுவே பபேடானிலிருந்த மாப்பிள்ளை வீட்டாரோ ஏற்கெனவே இரண்டு முறை தேதியை மாற்றியவர்கள். அம்மாவுக்கு அம்மனிடம் பயம்தான். அவர்களிடம் அதைவிடப் பயம்.

ஆகவே வேப்பிலைக்குப் பதில் தனாக்கா. மரப்பட்டையைக் கல்லில் உரைத்து எடுக்கும் அந்த வெளிர்மஞ்சள் குழம்பைப் பூசாமல் ரங்கூனில் எந்தப் பிள்ளையும் பள்ளிக்கூடம் போவதில்லை. அம்மா அதை என் நெற்றியிலிருந்து கழுத்துவரை சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் அப்பினாள். வீட்டில் இருந்தால் தெருவே கேட்குமாம்.

"யாரு கேட்டாலும் ஒண்ணுமில்லன்னு சொல்லு. வாயத் தொறந்தே, சித்தி கல்யாணம் நின்னுரும்."

காய்ச்சலோடு இரண்டு நாள் போனேன். வகுப்பில் பாதி இருக்கைகள் காலி. மதியம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் என் புளிச்சோற்றுக்கு ஒரு பங்காளி உண்டு: எங்கள் சயாமாவின், அதாவது ஆசிரியையின், ஐந்து வயது மகள். மழலையர் வகுப்பில் தூங்க வேண்டிய நேரத்தில் நழுவி வருவாள். என் கன்னத்தில் கன்னத்தை ஒட்டி, தனாக்காவைத் தன் முகத்தில் அச்செடுத்துக்கொள்வாள். அவளென்றால் எனக்கு உயிர்.

மூன்றாம் நாள் காலை பள்ளி வாசலில் வாளிகள் இருந்தன. முகம் கழுவாமல் யாரும் உள்ளே போகக்கூடாது. ஒவ்வொருவராகக் குனிந்து நிமிர்ந்தார்கள். நிமிர்ந்தவர்களை எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஒரு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் வேறு யாரோ ஆகிப் போனாள். அத்தனை பிள்ளைகள் நின்ற இடத்தில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. என்னைச் சயாமாவே ஈரத்துணியால் துடைத்தார். வாளிக்குள் எட்டிப் பார்த்தேன். முகமெல்லாம் சிவப்புப் புள்ளிகளோடு ஒருத்தி அங்கிருந்து என்னைப் பார்த்தாள். அவள் வாளிக்குள் குடியிருப்பவள் என்றே நினைத்து அலறினேன்.

சயாமா திட்டவில்லை. மரத்தடியில் தனியாக உட்காரவைத்து, பர்மிய மொழியில் மெதுவாகக் கேட்டார்: "மகளே, உன்னோடு ஒட்டிப் பழகியது யார் யார்? மதியம் யாரோடு சாப்பிட்டாய்?"

நான் சொன்ன பிள்ளைகளையெல்லாம் அன்றே தடுப்பூசிக்கு அழைத்துப் போனார்கள். ஒரே ஒரு பெயரை மட்டும் விழுங்கிவிட்டேன். தூங்காமல் ஓடி வந்ததற்கு அந்தச் சின்னவள் அம்மாவிடம் அடி வாங்குவாளே! "தனியாகத்தான் சாப்பிட்டேன், சயாமா" என்றேன். அவளைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கல்யாணம் நின்றது. சித்தி இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. மூடிய பள்ளி மறுபடி திறந்தபோது சின்னவளும் வந்திருந்தாள், பாதியாக மெலிந்து. தொட்டிக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. இரண்டடி தூரத்தில் நின்று கத்தினேன். அவள் பாட்டுக்கு மணலில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சித்தியைப் போல இவளும் டூ விட்டுவிட்டாள், சரி, நானும் பேசப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

அம்மை அவளுடைய செவிகளைக் கொண்டுபோய்விட்டது என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது. அந்த ஒரு வருஷமும் என்னைக் கண்டால் அவள் சிரித்துக்கொண்டு ஓடி வருவாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன்.