முகம் மட்டும்தான் அவருடையது

எண்பதுகளின் கடைசியில் லண்டன் கோலியர்ஸ் வுட்டில் எங்களுக்கு ஒரு வீடியோக் கடை இருந்தது. கடை என்றதும் பெரிய எடுப்பாக நினைத்துவிடாதீர்கள். முன்னுக்கு ஒரு மேசை, சுவர் முழுக்கத் தட்டு, தட்டு முழுக்கக் கசெட், பின்னறையில் கொப்பி அடிப்பதற்கு இரண்டு டெக். பெட்ரோல் ஷெட்டில் ஷிப்ட் முடித்து வரும் எங்கள் யாழ்ப்பாணத்துப் பெடியள் தமிழ்ப் படம் எடுத்துப் போவார்கள். மலையாள நர்ஸ்மாருக்காகக் கீழ்த்தட்டில் கொஞ்சம் மலையாளப் படமும் வைத்திருந்தோம். பகலில் கடையில் நான்தான். என் கணவர் தன்னுடைய வேலை முடிந்து பின்னேரம் வருவார்.

கசெட் எடுக்காமல் ஓசியில் டிவி பார்த்துக்கொண்டு நிற்பவர்களைக் கண்டால் எனக்குப் பத்திக்கொண்டு வரும். அன்றைக்கு ஒரு மலையாளப் படம் கொப்பி சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கப் போட்டிருந்தேன். கோட்டுக்குள் பருத்திச் சேலையும் காலில் சாக்ஸும் செருப்புமாக ஒரு அம்மா வந்தார். வந்தவர் தட்டுப் பக்கமே போகவில்லை. டிவிக்கு முன்னால் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். படத்தில் கதாநாயகி கிணற்றடியில் இருந்து அழுதுகொண்டிருந்தாள்.

"எடுக்கிறதெண்டால் எடுங்கோ அம்மா, இது தியேட்டர் இல்லை" என்றேன்.

அவர் திரும்பினார். அதே கண். மேலுதட்டில் அதே மச்சம். வயதுதான் ஏறியிருந்தது. டிவியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"ஐயோ, அது நீங்களோ?"

"நான்தான். ஆனா முகம் மட்டும், மோளே."

அவர் பேசியதைக் கேட்டு மறுபடியும் டிவியைத் திரும்பிப் பார்த்தேன். டிவியில் அழுதவளுக்கு மெல்லிய, கீச்சென்ற குரல். இவருக்கோ அடித் தொண்டையிலிருந்து வரும் கனமான குரல். கடையின் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது என்றுகூடச் சொல்வேன்.

அதற்குப் பிறகு அடிக்கடி வந்தார். மகள் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மகளைத் தவிர அவருக்கு ஒருவரும் இல்லை. மகள் வேலைக்குப் போனால் வீட்டில் தனியாக இருந்து என்ன செய்வது என்று என் மேசைக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்காருவார். மெட்ராசில் பல வருடம் இருந்ததால் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. நான் அவரைச் சேச்சி என்று கூப்பிடத் தொடங்கினேன். தேநீர் ஊற்றிக் கொடுத்தால் போதும், பேச்சு நிற்காது.

அந்தக் காலத்தில் நடிப்பது ஒருத்தி, பேசுவது இன்னொருத்தியாம். படம் எடுத்து முடிந்த பிறகு இருட்டறையில் திரையைப் பார்த்து, வாயசைவுக்குப் பொருத்தமாக இன்னொரு பெண் பேசுவாள். சேச்சியின் குரல் ஆம்பிளைக் குரல் என்று முதல் படத்திலேயே சொல்லிவிட்டார்கள். பிறகு எல்லாப் படத்திலும் அப்படித்தான். ஒரு தரம் சேச்சி சொல்லாமல் கொள்ளாமல் அந்த அறைக்குப் போய்ப் பின்னால் நின்று பார்த்தாராம். கர்ப்பிணிப் பெண் ஒருத்தி, கையில் கைக்குட்டையோடு, மைக்குக்கு முன்னால் நின்று சேச்சிக்காக அழுதுகொண்டிருந்தாளாம்.

"என்னைவிட நல்லா அழுதா. எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. கோபப்படக்கூட முடியல" என்றார்.

கோயிலிலோ கல்யாண வீட்டிலோ சனங்கள் சூழ்ந்துகொண்டு, அந்தப் படத்தில் பேசினதைச் சொல்லுங்கோ என்று கேட்பார்களாம். இவர் வாயைத் திறந்ததும் அவர்களுடைய முகம் விழுந்துவிடுமாம். ஒரு கிழவர், நீ அவள் இல்லை, ஏமாற்றுகிறாய் என்றே ஏசிப்போட்டுப் போனாராம். அதற்குப் பிறகு வெளியிடங்களில் வாயை மூடிக்கொண்டு கும்பிட்டுச் சிரிக்கப் பழகிக்கொண்டார்.

"நானெண்டால் அந்தக் கிழவனுக்கு அங்கேயே நல்லாக் குடுத்திருப்பன்" என்றேன். சேச்சி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் அவரே ஒரு படம் தயாரித்தார். அதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். தன்னுடைய முகத்தில் தன்னுடைய குரல் ஒரு தரமாவது கேட்க வேண்டும். மெட்ராஸ் வீட்டை விற்றார். ஆற்றங்கரையில் தேநீர்க்கடை நடத்தும் விதவையாக நடித்தார். யூனிட்டில் எல்லாரும் சாப்பிட்டுவிட்டார்களா என்று பார்த்த பிறகுதான் மேக்கப்புக்கு உட்காருவாராம். படம் முடிந்தது. குரலை மாற்றினால் நல்ல தியேட்டர் தருகிறேன் என்றார் விநியோகஸ்தர். இவர் மாட்டேன் என்றார். மாற்றாமலே வந்தது, வந்த வேகத்தில் பெட்டிக்குள் போனது. கடனுக்காகப் படத்தின் எல்லா உரிமையையும் அந்த விநியோகஸ்தருக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். தன் கையில் ஒரு பிரதிகூட வைத்துக்கொள்ளவில்லை.

அந்தப் படத்தில் குடித்துவிட்டு வந்து வம்பு செய்பவனைத் தேநீர்க்கடையிலிருந்து துரத்தும் இடம் ஒன்று வரும். அதுதான் முதல் காட்சி. ஒருநாள் ஒரு பெடியன் பழைய கசெட்டை அறுத்துக் கொண்டுவந்து, அது முதலே அப்படித்தான் இருந்தது என்று என்னோடு வாய் காட்டினான். நான் அவனுக்குக் குறையாமல் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஸ்டூலில் இருந்த சேச்சி எழும்பி, அந்தப் படத்தில் செய்ததுபோலவே இடுப்பில் கை வைத்து, "இறங்ஙிப்போடா!" என்றார். அவ்வளவுதான். பெடியன் கதவைத் திறக்க மறந்து கண்ணாடியில் முட்டிக்கொண்டான். நானும் சேச்சியும் சிரித்த சிரிப்பில் தேநீர் ஆறிப்போனது.

அந்தக் குரல்தான் தொண்ணூறுகள் தொடங்கியபோது கரகரக்கத் தொடங்கியது. குளிராக்கும் என்று நினைத்தோம். மிளகு தட்டிப் போட்டு ரசம் வைத்துக் கொடுத்தேன். மகள்தான் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். தொண்டைக்குள் கட்டி. குரல்வளையை எடுக்க வேண்டும், எடுத்தால் உயிர் இருக்கும், குரல் இருக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

கடையை இழுத்துப் பூட்டிவிட்டுச் சேச்சி வீட்டுக்கு ஓடினேன். அந்தக் காலத்தில் நாங்கள் கடிதத்துக்குப் பதிலாக டேப் ரெக்கார்டரில் பேசி ஊருக்குக் கசெட் அனுப்புவோம். அந்த ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் அவருக்கு முன்னால் வைத்து, "ஏதாவது கதையுங்கோ சேச்சி, பிடிச்சு வைப்பம்" என்றேன். கொஞ்சம் பேசினார். திருப்பிப் போட்டுக் காட்டினேன். கரகரவென்று ஏதோ வந்தது.

"இதுவும் வேற ஒருத்தி குரல்தான் மோளே" என்று நிறுத்தச் சொல்லிவிட்டார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் படத்தைத் தேடித் தர முடியுமா? இந்தத் தொண்டை போனாலும், அதுல நான் இருப்பேன்."

கணவரிடம் சொன்னேன். அவருக்குச் சேச்சியில் சரியான பட்சம். அன்றிலிருந்து மெட்ராசில் கசெட் அனுப்புகிற ஆளுக்குப் போன் மேல் போன். இதற்கிடையில் ஆபரேஷன் முடிந்தது. கழுத்தில் ஒரு துவாரமும், அதன் மேல் சின்ன வெள்ளைத் துணியுமாகச் சேச்சி வீட்டுக்கு வந்தார். சொல்ல நினைப்பதை உதட்டை அசைத்துச் சொல்வார். மகளுக்கு விளங்கும், எனக்கு முக்கால்வாசி விளங்காது. விளங்கியதுபோலத் தலையாட்டுவேன்.

கசெட் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறக்கவில்லை. கணவர் மேசையை ஒதுக்கி நாற்காலிகள் போட்டார். நான் வடையும் ரோல்சும் செய்து வைத்திருந்தேன். மகளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சேச்சி வந்தார். நல்ல சேலை கட்டி, பொட்டு வைத்து, மாப்பிள்ளை வீட்டுக்காரர் வரக் காத்திருக்கும் பெண்போல நாற்காலி நுனியில் இருந்தார்.

ஆற்றங்கரை வந்தது. தேநீர்க்கடை வந்தது. குடிகாரன் வந்தான். இளவயதுச் சேச்சி இடுப்பில் கை வைத்து வாயைத் திறந்தார்.

"மரியாதையா எறங்கிப் போயிடுங்க" என்று தேன் சொட்டும் தமிழில் யாரோ ஒரு பெண் பேசினாள்.

அந்த விநியோகஸ்தர் படத்தைத் தமிழில் மாற்றி விற்றிருக்கிறார். அது சேச்சிக்கே தெரியாது.

"இது என்னண்டு நடந்தது?" என்று கணவரைப் பார்த்துக் கத்தினேன்.

அவர் கசெட் உறையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மலையாளமும் இருக்கு, தமிழும் இருக்கு, எது வேணுமெண்டு கேட்டான். தமிழெண்டால் நாங்களும் சேந்து பாக்கலாம் எண்டு... சேச்சி எங்களோடை தமிழ்தானே கதைக்கிறவா. தமிழிலையும் அவாதான் பேசியிருப்பா எண்டு நினைச்சனப்பா."

"உங்களுக்கு விசரோ? மூளையை அடகு வைச்சிட்டியளோ?" வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். மகள் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். சேச்சி அழவில்லை. என்னைப் பார்த்துக் கையமர்த்தினார். என் கணவருடைய தலையில் மெல்லத் தட்டிக் கொடுத்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அந்தக் கணமே கணவர் மெட்ராசுக்குப் போன் எடுத்தார். மலையாளக் கசெட்டை ஒருவரும் கேட்கவில்லையாம். அதன் மேல் புதுப்படம் ஒன்றை அடித்துவிட்டார்களாம். நாங்களும் ஓடாத படங்களுக்கு அதைத்தான் செய்வோம். வேறு கொப்பிக்காகப் பிறகு எத்தனையோ இடத்தில் தேடினார். கிடைக்கவில்லை.

சேச்சி அந்தத் தமிழ்க் கசெட்டைத் தனக்கு வேண்டும் என்று சைகையால் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எனக்கு விளங்கவில்லை. வயிற்றெரிச்சலுக்கு அதை ஏன் வீட்டில் வைத்திருக்க வேண்டும் என்று மனதுக்குள் ஏசினேன்.

சில கிழமைக்குப் பிறகு ஒரு மத்தியானம், கரைத்துக் குடிக்கத் தோதாகக் கஞ்சி காய்ச்சிக்கொண்டு போனேன். மகள் கதவைத் திறந்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. சேச்சி ஒலியை முழுக்கக் குறைத்து வைத்திருந்தார்.

திரையில் ஆற்றங்கரைத் தேநீர்க்கடை. நாற்காலியில் சேச்சி. அங்கே உதடு அசைந்தபோது இங்கேயும் உதடு அசைந்தது. ஒரு எழுத்துக்கூடப் பிசகவில்லை. படம் பிடித்தபோது அவர் பேசிய மலையாளம் அந்த வாயில் அப்படியே இருந்தது. அதை ஒருவராலும் மாற்ற முடியவில்லை. கஞ்சிப் பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன்.

முதல் காட்சிக்குத் திருப்பி ஓடவிட்டார். குடிகாரன் வந்தான். சேச்சி இடுப்பில் கை வைத்தார், திரையிலும் நாற்காலியிலும். இரண்டு வாயும் ஒன்றாகத் திறந்தன. பிறகு என் பக்கம் திரும்பி, புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"ஓம் சேச்சி" என்றேன். "கேக்குது."