ஆடாத கல்லில் விழுந்தவர்கள்

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் எல்லாரும் நொண்டிக்கொண்டிருந்தோம். அன்றைக்குத்தான் என் தங்கை ருக்மணியைப் பெண் பார்க்க வந்தார்கள்.

மூவார் ஊரில் எங்கள் வீடு இருப்பது ஆற்றோரச் சதுப்பில். மழை பெய்தால் வாசல் தோட்டம் முழுக்கச் சேறு. கேட்டிலிருந்து வாசற்படி வரை ஒன்பது தட்டைக் கற்கள் உண்டு. அவற்றின் மேல்தான் கால் வைத்து வரவேண்டும். எட்டு வருஷமாக அவை ஆடிக்கொண்டிருந்தன. மூன்றாவது கல் இடப்பக்கம் சாயும். ஐந்தாவது, மிதித்தவரை முன்னால் தூக்கிவிடும்.

மாப்பிள்ளை லாபிஸ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. அவருடைய அப்பா நல்ல கனத்த மனிதர் என்று தரகர் சொல்லியிருந்தார். அந்தக் கனம் மூன்றாவது கல்லில் இறங்கினால் என்ன ஆகும்? ருக்மணிக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. மூன்றாவதையும் சேற்றில் விடலாமா?

புதன்கிழமை ஆபீசுக்கு லீவு போட்டேன். பக்கத்து வீட்டு மளிகைக்கடைக் காதர் அண்ணன் கடப்பாரையோடு வந்தார். கற்களை நெம்பித் தூக்கினோம். அடியிலிருந்த சேற்றை வழித்து, செங்கல் துண்டும் மணலும் கொட்டி, உலக்கையால் இடித்துப் பதித்தோம். சாயங்காலம் ஒன்பது கல்லும் மலை மாதிரி நின்றன.

முதலில் விழுந்தது என் மனைவி கமலம். தண்ணீர்க் குடத்தோடு வந்தவள், மூன்றாவது கல்லில் வழக்கம்போல உடம்பை வலப்பக்கம் சாய்த்தாள். கல் இடப்பக்கம் சாயவில்லை! குடமும் அவளும் கனகாம்பரப் பாத்தியில். தூக்க ஓடிய நானும் அதே கல்லில் விழுந்தேன். மறுநாள் ருக்மணி, ஐந்தாவது கல் தூக்கிவிடும் என்று நம்பிக் காலை வீசினாள்... தூக்கவில்லை. காதர் அண்ணனும் எட்டு வருஷமாக அதே வழியில் வருகிறவர்தானே? அவரும் விழுந்தார்.

ஒரு தப்பை உடம்பு எட்டு வருஷம் மனப்பாடம் செய்துவிட்டால், பிறகு சரியானதுதான் அதற்குத் தப்பு.

வந்தவர்களோ கல்லைக் குனிந்துகூடப் பார்க்காமல் ஜம்மென்று நடந்து வந்தார்கள். நானும் கமலமும் நொண்டியபடி வரவேற்றோம். ருக்மணி நொண்டியபடி காப்பித் தட்டைக் கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் அம்மா எங்கள் கால்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. உங்க குடும்பத்துல எல்லாருக்கும் காலு இப்படித்தானா?"

கல் ஆடாததால் விழுந்தோம் என்று உண்மையைச் சொன்னேன். என் காதுக்கே அது பொய்யாகப் பட்டது. எந்தத் தலைமுறையிலிருந்து இப்படி என்று மாப்பிள்ளையின் அப்பா நிதானமாக விசாரித்தார்.

அந்த நேரம் பார்த்து, தொழுகை முடிந்து காதர் அண்ணன் நொண்டிக்கொண்டே உள்ளே வந்தார். எனக்கு உயிர் வந்தது. இவர் எங்களுக்குச் சொந்தமே இல்லை, இவரும் நொண்டுகிறார் பாருங்கள் என்றேன். அப்பா கொஞ்சம் யோசித்தார். காப்பியைத் தள்ளி வைத்தார்.

"அப்ப தண்ணியிலதான் என்னமோ இருக்கு."

அதுவரை வாய் திறக்காத ருக்மணி என்னைப் பார்த்தாள். "அண்ணே, கடப்பாரைய எடுத்துட்டு வாங்க."

எல்லார் முன்னாலும் மூன்றாவது கல்லை நெம்பி, இடப்பக்கத்து மணலையெல்லாம் தோண்டி எடுத்தேன். யாரும் குடிக்காத காப்பித் தட்டோடு ருக்மணி வாசலில் இறங்கினாள். மூன்றாவது கல்லில் லேசாகச் சாய்ந்து, கேட் வரை போய்த் திரும்பினாள். நொண்டல் நொண்டல்தான். ஆனால் ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

யாரும் சொல்லாமலே மாப்பிள்ளை எழுந்து போய் அதே கல்லில் கால் வைத்தார். அடுத்த நொடி, வெள்ளைக் கால்சட்டையோடு சேற்றில் உட்கார்ந்திருந்தார்.

அவ்வளவுதான். மூன்றாவது இடமும் போயிற்று.

அவர் எழுந்து கையை உதறினார். ருக்மணியிடம் முதல்முதலாகப் பேசினார். "எந்தப் பக்கம் சாயணும்?"

"வலது பக்கம்," என்றாள்.

அவர் கேட் வரை திரும்பிப் போய், மறுபடி நடந்து வந்தார். இந்தத் தடவை வந்து சேர்ந்தார். அவர் அம்மா ஆறிப்போன காப்பியை எடுத்துக் குடித்தார்.

தை மாதம் கல்யாணம். கிளம்பும்போது மாப்பிள்ளையின் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"கல்யாணம் முடியிற வரைக்கும் நீங்க வேற எதையும் ரிப்பேர் பண்ணாதீங்க."