பௌர்ணமியன்று மருமகளுக்கு இன்டர்வியூ

நேற்றுப் பௌர்ணமி. எங்கள் வீட்டு ஜன்னல் முழுக்க முகங்கள்!

எல்லாவற்றுக்கும் காரணம் நான்தான் என்கிறாள் மருமகள். கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

(எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல டைப் அடிப்பதும் அந்த மருமகள் கலைச்செல்விதான். ஒரு வார்த்தை மாற்றக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறேன். — மாத்தல மாமா, மேல சொல்லுங்க.)

கலை செய்யும் வேலைக்கு விர்ச்சுவல் அசிஸ்டென்ட் என்று பெயராம்.

முதலாளி எங்கேயோ வெளிநாட்டில் இருப்பார். இவள் இங்கே வீட்டிலிருந்தே அவருக்கு மெயில் போடுவாள், டிக்கெட் எடுப்பாள், யாரை எப்போது பார்க்க வேண்டும் என்று ஞாபகப்படுத்துவாள். முதலாளி முகத்தையே பார்க்க வேண்டாம்!

(என் முதலாளிகள் எல்லாம் முகத்தைக் காட்டித்தான் உயிரை எடுத்தார்கள்.)

இதற்காக வேங்கிக்காலில் பார்த்துக்கொண்டிருந்த ஜெராக்ஸ் கடை வேலையை விட்டாள். விட்ட அன்று கடைக்காரர் சொன்னது என் காதிலேயே இருக்கிறது.

"போம்மா போ. கொஞ்ச நாள்ல இதே ஸ்டூலுக்கு நீயே திரும்பி வருவ பாரு."

ஆசிரமம் பக்கம் தங்கும் வெள்ளைக்காரர்களுக்குச் சில்லறை வேலைகள் செய்துகொடுத்தாள். சீசன் முடிந்தது, வேலையும் முடிந்தது. கனவில்கூட அந்த ஸ்டூல்தான் வருகிறது என்று அழுதாள்.

அப்போதுதான் மெயிலில் லண்டன்காரர் ஒருவர் வந்தார். கம்ப்யூட்டரில் முகம் பார்த்துப் பேசுவோம், பிடித்துப்போனால் வருஷம் முழுக்க வேலை என்றார். அவர் சொன்ன நாளுக்கு இவளும் சரி என்றுவிட்டாள்.

அந்த நாள் பௌர்ணமி! சாயங்காலம் ஆறு மணி!

போளூர்ப் பெண். எங்கள் ஊரில் பிறந்தவளாக இருந்தால் காலண்டர் பார்க்காமல் ஒரு காதுகுத்துக்குக்கூட ஒத்துக்கொண்டிருக்க மாட்டாள். அதுவும் கிரிவலக் கூட்டம் வாசலை உரசிக்கொண்டு போகிற வீட்டில் இருந்துகொண்டு!

ஒரு வாரமாக இங்கிலீஷில் தன்னைப் பற்றி ஒப்பித்துக்கொண்டே இருந்தாள். அர்த்தம் தெரியாவிட்டாலும் எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. மாவட்டம் பிரித்தபோது யார் எனக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதுகூட நினைவிருக்கிற மண்டை இது. (மிட்டாய் நமுத்திருந்தது.)

ஆறு மணி ஆகப்போகிறது. பட்டுப்புடவை கட்டிக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். தெருமுனை ஒலிபெருக்கி அலறியது.

"செஞ்சியிலிருந்து வந்த குப்பம்மாள் எங்கிருந்தாலும் வரவும்! உங்கள் கணவர் இங்கே அழுதுகொண்டிருக்கிறார்!"

"மாமா, அந்த மைக்க மட்டும் கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க. உங்க கால்ல வேணா வுழறேன்."

ஓடினேன்.

"தம்பி, ஒரு அரை மணி நேரம் மைக்க அணைப்பா."

"கூட்டம் ஜாஸ்தி பெருசு. அணைச்சா பாதிப் பேரு பொண்டாட்டிய வுட்டுட்டு ஊருக்குப் போய்டுவான்."

"என் மருமக வெளிநாட்டுக்காரர்கிட்ட பேசிக்கினு கீறாப்பா. இன்டர்வியூ."

"அட, இத மொதல்லயே சொல்றதில்ல? நான் பாத்துக்கறேன், நீ போ!"

நல்ல பிள்ளை என்று நினைத்தேன். அவன் மைக்கை வாயருகே கொண்டுபோனான்.

"பக்தகோடிகள் கவனத்திற்கு! பச்சைக் கதவு வீட்டில் மருமகள் வெளிநாட்டுடன் பேசிக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டைக் கடக்கும்போது அமைதி காக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்!"

அதுவரை எங்கள் வீட்டை ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது மொத்தக் கூட்டமும் பச்சைக் கதவைத் தேடியது!

ஒருவர் நின்றார். அவர் பின்னால் இன்னொருவர் நின்றார். பௌர்ணமியன்று எங்கள் ஊரில் ஒருவர் பின்னால் ஒருவர் நின்றால் அது அன்னதானம். வேறு அர்த்தமே கிடையாது.

"இன்னா வரிசைங்க இது?"

"தயிர் சாதமாம்."

"யார் குடுக்கறாங்க?"

"யாரோ வெளிநாட்டுக்காரராம்."

நான் வாசலுக்குப் போகப் பார்த்தேன்.

"வழி வுடுங்க, இது என் வூடு!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. பின்னாடி போய் நில்லு பெருசு!"

சொந்த வீட்டுக்குக் கொல்லைப்புறமாக நுழைந்தேன்.

உள்ளே கலை சிலைபோல உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜன்னல் முழுக்க விபூதி நெற்றிகள், கையில் தொன்னைகள். கம்ப்யூட்டரில் லண்டன்காரர் மூக்கு முட்டும் அளவுக்குக் கிட்டே வந்து பார்த்தார். ஜன்னலைக் கைகாட்டி என்னவோ கேட்டார்.

அவள் வாயில் வந்தது ஒரே வார்த்தை.

"டீம் சார்."

அவர் என்னைக் கைகாட்டி ஏதோ கேட்டார். யார் என்று கேட்கிறார், அது புரிந்தது. பதில் சொல்லாமல் நின்றால் மருமகளுக்கு மரியாதையா? எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் மொத்தத்தையும் எடுத்துவிட்டேன்.

"மை நேம் இஸ் கலைச்செல்வி. ஐ யாம் எ ஹார்டு ஒர்க்கர். ஐ ஹேவ் டைப்பிங் எக்ஸ்பீரியன்ஸ். தேங்க் யூ சார்!"

ஜன்னல் கை தட்டியது.

லண்டன்காரர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து மறைந்தே போனார். சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. எழுந்து வந்ததும், இன்றைக்கு என்ன விசேஷம் என்று கேட்டாராம். "ஃபுல் மூன் சார்" என்றாளாம் இவள்.

லைன் போனது. என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

"போச்சு மாமா. நாளைக்கு ஸ்டூல்தான்."

வரிசை மட்டும் நகரவே இல்லை. வாசலில் காத்து நின்றவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப முடியுமா? பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணீரும் மூக்குமாகத் தயிர் சாதம் கிளறினாள். நான் பரிமாறினேன். என்னைப் பின்னால் போகச் சொன்ன ஆள் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டான்!

இன்று காலை மெயில் வந்தது.

வேலை கொடுத்துவிட்டார்!

(மாமா, சொல்லும்போது எழுந்து ஆடாதீங்க, டேபிள் ஆடுது.)

மெயிலில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறது. மாதாந்திர மீட்டிங்கை இனிமேல் பௌர்ணமியன்றே வைத்துக்கொள்வோம், அன்றைக்குத்தானே உங்கள் டீம் முழுக்க ஆபீசில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்.

ஆகவே மக்களே, அடுத்த பௌர்ணமிக்கு யாரெல்லாம் கிரிவலம் வருகிறீர்கள்?

பச்சைக் கதவு. மாலை ஆறு மணி. சட்டை போட்டுக்கொண்டு வாருங்கள், தயிர் சாதம் உண்டு.

பெயர் கேட்டால் மட்டும் அவரவர் சொந்தப் பெயரைச் சொல்லுங்கள். கலைச்செல்வி ஏற்கெனவே இரண்டு பேர் இருக்கிறோம்!